டெஸ்ட் ஃபைலில் இருந்த கண்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுடைய பெயர் இமைக்காதீங்க அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை "இமைக்காதீங்க" என்று சொல்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

அவளுக்கு வேலை இருட்டறையில். மேசைக்கு அந்தப் பக்கம் நோயாளி தாடையை ஊன்றி, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு உட்காருவார். இந்தப் பக்கம் அக்கா. நடுவில் மெஷின். அது கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, பின்சுவரில் இருக்கும் விழித்திரையை நேராக ஒரு படமும், குறுக்கே வெட்டிப் பார்த்தது போல இன்னொரு படமும் எடுக்கும். வெட்டுப் படத்தில் விழித்திரை, மடித்து வைத்த போர்வை மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். நல்ல கண்ணாக இருந்தால் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். முகம் பார்ப்பது, எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தக் குழியின் புண்ணியத்தில்தான்.

வயதாக வயதாகச் சிலருக்கு அந்த இடம் கெடும். முதலில் அடியில் மஞ்சள் பொட்டுகள் சேரும். அது மெதுவான கேடு, வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தாலும் கிடக்கும். என்றைக்காவது ஒரு நாள் அடியிலிருந்து நீர் கசிய ஆரம்பித்துவிட்டால் மட்டும் கதை வேறு. சில வாரங்களுக்குள் கண்ணுக்குள் ஊசி போட ஆரம்பித்தால் பார்வையைப் பிடித்து நிறுத்தலாம். விட்டால் தழும்பாகிவிடும். ஓரத்தில் எல்லாம் தெரியும். பார்க்க நினைப்பது மட்டும் தெரியாது. அதனால்தான் அந்த நோயாளிகளை மாதாமாதம் வரச்சொல்லி, போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

அக்காவுக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. பஸ்ஸில் யாராவது "என்னைத் தெரியுதாம்மா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். ஆனால் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் பிரிந்து ஓடும் விதத்தைப் பார்த்ததும், இவர் போன வருஷம் மழையில் நனைந்து வந்தவர் என்று சொல்லிவிடுவாள். அந்த ஓட்டம் ஒருவருக்கு இருப்பது போல இன்னொருவருக்கு இருக்காது. "மூஞ்சியைக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்? கண்ணைத் திறந்து காட்டச் சொல்லு" என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனாலும் அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. இருட்டில் உட்கார்ந்ததும் வயசானவர்களுக்கு உடம்பு நடுங்கும். நடுங்கினால் படம் கலங்கும். அதற்காக அவள் குரலை இறக்கி, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி சொல்வாள்: "லைட்டையே பாருங்க. அவ்வளவுதான். எல்லாம் சரியாயிடும்." உடனே ஆள் அடங்கி உட்காருவார். படம் கண்ணாடி மாதிரி வரும். சரியாகுமா ஆகாதா என்பது டாக்டர் பாடு. அவளுக்குப் படம் வந்தால் போதும். இதில் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இருட்டறைக்கு அடுத்தது ஃபைல் அறை. நடுவில் பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் அவளுக்குச் சம்பந்தி. அக்காவின் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்திருந்தது. பெண் பார்த்ததும் பேசி முடித்ததும் எல்லாம் அந்தக் கதவு வழியாக ஃபைல் கொடுத்து வாங்கும்போதுதான். அதனால் பெரிய டாக்டரிலிருந்து துடைப்பம் பிடிக்கும் பெண் வரை எல்லோருக்கும் அவர் சம்பந்தியாகிவிட்டார். "சம்பந்தி, இந்த நம்பர் எடுங்க" என்று நேற்றுச் சேர்ந்த நர்ஸ் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார்.

அறுபத்தாறு வயது, இடது கண்ணில் பழைய புரை. ஓய்வு பெற்ற பிறகும் வருஷா வருஷம் நீட்டிப்புக் கொடுத்து வைத்திருந்தார்கள். நம்பரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் ஃபைல் கையில் இருக்கும். எந்த ஃபைல் எந்த மூலையில் என்பது அவருக்குத் தன் வீட்டு அலமாரி போல. ஆஸ்பத்திரியில் ஒருவருமே அவர் தவறாக எடுத்துக்கொடுத்துப் பார்த்ததில்லை.

ஆனால் சில மாதங்களாக அக்காவுக்கு அவர்மேல் ஒரு வருத்தம். அவர் பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. காதைப் பார்த்துப் பேசினார், சில சமயம் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார். சம்பந்தி வீட்டார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மகளிடம், "உங்க வீட்ல ரெண்டு பேர் கால் நீட்டிப் படுக்க இடமில்ல" என்று வாய்தவறிச் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும் என்று அக்கா முடிவு கட்டினாள். சரி, அவருக்கு ரோஷம் இருந்தால் எனக்கு இருக்காதா? அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபைலை வாங்கும்போது ஒரு "ம்", கொடுக்கும்போது ஒரு "ம்". அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் வாட்ச்மேன் ஒருநாள் அவளிடம் வந்து நின்றான். வாயாடி, ஆனால் அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, சொன்னா சிரிப்பீங்க. உங்க ரூம்ல காலையில ஒரு பொம்பளை பேசுறா."

"என்னப்பா பேசுறா?"

"சரியாக் கேக்கல. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்றா. நான் வெளியில இருந்து பாத்தேன். பூட்டு பூட்டினபடி இருக்கு. உள்ள ஒரே இருட்டு."

"ராத்திரி முழுக்கத் தூக்கம் முழிச்சா சினிமாவே ஓடும். போய் மூஞ்சியக் கழுவு."

"முன்னாடி ஒரு தடவை, ரெண்டு தடவைதான் சொல்லும் அக்கா. இப்பல்லாம் நிறுத்தவே மாட்டேங்குது."

அவனை விரட்டிவிட்டாளே தவிர, அன்று மாலை விளக்கை அணைக்கும்போது கை கொஞ்சம் அவசரப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மெஷினைச் சோதிக்க இஞ்சினீயர் வந்தான். மெஷின் புதுசு, வந்து பத்து மாதம்தான் ஆகிறது. எல்லாம் தானாகச் செய்யும். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுத் தாடையை வைத்தால் போதும், அதுவே கண்ணைத் தேடிப் பிடித்து, "கூட்டல் குறியைப் பாருங்கள்" என்று பெண் குரலில் சொல்லி, படம் எடுத்துக்கொள்ளும். தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் பொம்மைக் கண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பொம்மைக் கண் என்பது கட்டைவிரல் அளவு கறுப்புக் குழாய், முனையில் கண்ணாடி. அந்தப் படங்களெல்லாம் 'டெஸ்ட்' என்ற ஃபைலில் சேரும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. பொம்மையின் கண்ணில் பார்க்க என்ன இருக்கிறது?

இஞ்சினீயர் திறந்தான். சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரிக் கோடுகள், வரிசையாக ஓடின. திடீரென்று நிறுத்தினான்.

"இது யாரும்மா?"

பொம்மைப் படங்களுக்கு நடுவில் ஒரு கண் இருந்தது. ரத்தக்குழாய்களோடு, உயிரோடு.

"யாராவது விளையாடியிருப்பாங்க, தம்பி" என்று அவனை அனுப்பி வைத்தாள். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்றல்ல, முப்பத்தெட்டு. எல்லாம் வலது கண். எல்லாம் ஒரே ஆளுடையது. எல்லாம் திங்கட்கிழமை, காலை ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில். அவள் வேலைக்கு வருவது எட்டு மணிக்கு.

முதல் படத்தில் மஞ்சள் பொட்டுகள் நாலைந்து. பரவாயில்லை என்று சொல்லலாம். அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனாள். பொட்டுகள் பெருத்தன. பதினெட்டாவது படத்தில் குழிக்குக் கீழே நூல் அளவு கறுப்பு.  நீர். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வாரம் குழியே இல்லை, அந்த இடம் மேடாகிவிட்டது. பொத்தானை விடாமல் அழுத்தினால் போர்வைக்குள் ஏதோ ஒன்று புரண்டு எழுந்திருப்பது போல இருந்தது. கடைசிப் பத்துப் படங்களில் வெளுப்பாகத் தழும்பு.

இன்னொன்றும் கவனித்தாள். அந்தக் கண் ஒரு படத்தில்கூட இமைக்கவில்லை. அவளிடம் வருகிற எந்த நோயாளியும் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. முதல் இருபது படங்களில் ஆணி அடித்த மாதிரி நேர்ப்பார்வை. பிறகு கண் அலைய ஆரம்பித்திருந்தது, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி. இருட்டறையில் தனியாக உட்கார்ந்து அந்தக் கண்ணை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளைத் தேடுவது போலவே இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிசாக இன்னொன்று அவளைக் குடைந்தது. இந்தக் கண்ணுக்கு ஓர் ஆள் இருக்கிறார். அவருடைய ஒரு கண் போய்க்கொண்டிருக்கிறது, இல்லை, போய்விட்டது. இந்த நோய் ஒரு கண்ணோடு நிற்காது. இன்னொரு கண்ணில் கசிய ஆரம்பித்தால், ஊசி போட இருப்பது சில வாரம்தான். அந்தச் சில வாரம் இந்த நிமிஷமே ஓடிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

டாக்டரிடம் சொன்னால் "ரூம் யார் பொறுப்பு?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மெஷினின் ரகசிய எண்ணை மறந்துபோகாமல் இருக்க பிளாஸ்டர் துண்டில் எழுதி மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டி வைத்தவள் அவள்தான். திங்கட்கிழமை வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை, "மெஷின் சரிபாக்கணும், கண்ணைக் கொஞ்சம் குடுங்க" என்று சொல்லி, இருட்டறைக்குள் கால் வைக்கிற எல்லோரையும் உட்கார வைத்தாள். நர்ஸ்கள், பணம் கட்டுமிடத்துப் பெண், துடைக்கிற பெண், வாட்ச்மேன். வாட்ச்மேன் "அந்தப் பொம்பளை உக்காந்த நாற்காலியா அக்கா இது?" என்று கேட்டுக்கொண்டே பாதிப் பின்புறத்தை மட்டும் வைத்து உட்கார்ந்தான். பெரிய டாக்டர்கூட, "படம் பாக்குறவனுக்கே படமா?" என்று சிரித்துக்கொண்டே தாடையை நீட்டினார். பதினொரு பேர். ஒருவருடைய ஓட்டமும் பொருந்தவில்லை.

சம்பந்தியை அவள் கேட்கவில்லை. ஃபைலைக் கதவருகில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்தானே. அதோடு, முகம் கொடுத்துப் பேசாத மனிதரிடம் போய்த் தாடையை நீட்டுங்கள் என்று சம்பந்தி முறையில் இருப்பவள் எப்படிக் கேட்பாள்?

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு. பஸ்ஸில் போகும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் கண்களையே பார்த்துக்கொண்டு போனாள். ஓர் அம்மா பயந்துபோய் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள். மகள் வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை. மகளும் மருமகனும் சமையலறையில் இருந்தபோது, எதிர் நாற்காலியில் இருந்த சம்பந்தி, பல மாதத்துக்குப் பிறகு தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"எல்லார் கண்ணையும் பாத்தீங்களாமே சம்பந்தி. ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

அப்போதும் அவர் பார்வை அவள் காதில்தான் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணுமில்லீங்க."

"இந்த லைட்டு... ஒருத்தருக்கு எத்தனை நாள் வைக்கணும்?"

இதென்ன கேள்வி, என் வேலையை விசாரிக்கிறாரா என்று அவளுக்கு எரிச்சல்.

"அது ஆளைப் பொறுத்தது. வருஷக்கணக்கா வச்சுக்கிறவங்களும் இருக்காங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஓ" என்றார் சம்பந்தி. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை, பாவி, அவள் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தவன், "இதோ ஆரம்பிச்சிடும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டான். வராந்தாவில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இருட்டறைப் பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. கதவில் காதை வைத்தாள்.

"கூட்டல் குறியைப் பாருங்கள்."

உள்ளே பெண் குரல். நிதானமாக, கோபமே இல்லாமல். ஒரு மூச்சு விடுகிற நேரம் மௌனம். மறுபடியும், "கூட்டல் குறியைப் பாருங்கள்." மறுபடியும். மெஷினின் குரல்தான் என்று தெரியும். ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறது?

சாவியைத் திருப்பினாள். கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டு. இந்தப் பக்கத்துத் திரையில், தட்டு அளவுக்குப் பெரிதாக ஒரு கண். உயிரோடு. இமைக்காமல். இடமும் வலமுமாக மெல்ல அலைந்துகொண்டிருந்தது. மெஷினுக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் தாடையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. கதவு திறந்த சத்தத்துக்குக்கூடத் தலை திரும்பவில்லை. லைட் எரியும்போது அசையக்கூடாது அல்லவா?

"ஒரு நிமிஷம் சம்பந்தி" என்றது அந்த உருவம். "முடிஞ்சிரும். அந்தக் குறி எங்கயோ போயிடுச்சு. அது கெடைச்சுதுன்னா எடுத்துரும்."

அவள் செருப்புச் சத்தத்தை அவருக்குத் தெரியும். ஃபைல் அறைப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. அந்த அறைக்குப் பின்பக்கம் தனி வாசல், சாவி அவரிடம்தான்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் மெஷினை நிறுத்தினாள். குரல் நின்றது. விளக்கைப் போடவில்லை. போட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"எத்தனை நாளா இப்படி?"

"மெஷின் வந்ததுலருந்து. கோடு எல்லாம் வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சுது சம்பந்தி. ஃபைல் ஓரம், கதவு நெலை எல்லாம் நெளியும். சரி, நீங்க எல்லாருக்கும் வைக்கிறதுதானே, நாமளும் வாரா வாரம் லைட் வச்சுக்குவோம்னு..."

"லைட் வச்சுக்குவோம்னா?"

"நீங்கதானே சொல்வீங்க? பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்து எத்தனை வருஷமாக் கேக்கறேன். லைட்டையே பாருங்க, சரியாயிடும்னு. ஃபைலும் அதைத்தானே சொல்லுது? மாசாமாசம் வந்து லைட் வச்சுக்கிட்டவங்க ஃபைல் குண்டா இருக்கும். அவங்க இன்னிக்கும் தனியா நடந்து வராங்க. நடுவுல நின்னுட்டவங்க ஃபைல் ஒல்லி. அவங்க அடுத்த தடவை யாரு கையையாவது புடிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. நான் பாத்து வச்சிருக்கேன்."

இத்தனை வருஷம் ஃபைலைப் பார்த்துப் பார்த்து அந்த மனிதர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கொடுமை.

"ஊசி போடுறாங்களே சம்பந்தி, மாடியில. அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"லைட்டு கேக்காதவங்களுக்குன்னு நெனச்சேன். கண்ணுல ஊசின்னா எனக்கு ஆகாது. அதுக்குப் போகாம இதுலயே சரி பண்ணிக்கலாம்னுதான் விடாம வந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா ஃபைல் ரூம்ல வச்சுக்குவாங்களா? அதோட, நீங்கதான் என்மேல ஏதோ கோபமா இருந்தீங்களே. ம், ம்னுதானே பேசுனீங்க?"

அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. காதைப் பார்த்துப் பேசினது ரோஷமில்லை. இடது கண்ணில் புரை மூடியிருக்கிறது; வலது கண்ணால் நேராகப் பார்த்தால் அவள் முகம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இருந்திருக்காது. ஓரக்கண்ணால்தான் அவளைப் பார்த்திருக்கிறார். தினமும் இருபது பேர் அவள் எதிரில் அப்படி உட்காருகிறார்கள். ஊரார் விஷயத்தில் எல்லாம் தெரிந்துகொண்டவளுக்குச் சம்பந்தி விஷயத்தில் மட்டும் மானம் மரியாதைதான் கண்ணில் பட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள், சத்தம் வரும்படியே அடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, இது வைத்தியம் இல்ல. கேமரா. கண்ணுக்குள்ள போட்டோ எடுக்கும். அவ்வளவுதான். இதால எதுவும் சரியாகாது."

அவர் தாடையை எடுத்துவிட்டு மெல்ல நிமிர்ந்தார். 

"அப்ப இத்தனை நாளா நான் போட்டோ எடுத்துக்கிட்டா இருந்தேன்?"

"ஆமா."

"படமாவது நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு சம்பந்தி" என்று சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெரிய டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். திரையில் படங்களை ஓடவிட்டார். ஓடவிட்டவர் தன்னை மறந்துவிட்டார். முதல் பொட்டிலிருந்து தழும்பு வரைக்கும் வாரம் தவறாமல் இப்படி ஒரு வரிசையைத் தான் பார்த்ததே இல்லை என்றும், எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்றும், மாணவர்களுக்குக் காட்டினால் ஒரு வகுப்பே போதும் என்றும் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, "யாரும்மா இந்த நோயாளி? ஏன் யாரும் இவருக்கு ஊசி போடல?" என்று கேட்டார்.

அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வகுப்பைப் பற்றி அவர் பேசவில்லை.

இடது கண்ணையும் அக்கா காலையிலேயே படம் எடுத்திருந்தாள். குழி இருந்தது. ஆனால் அதற்குக் கீழே நூல் அளவு கறுப்பு. வலது கண்ணின் பதினெட்டாவது படத்தில் பார்த்ததே இங்கேயும். 

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பாது. அஞ்சு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். இடது கண் இப்போதுதான் ஆரம்பம், இன்றைக்கே ஊசி போட்டால் காப்பாற்றப் பார்க்கலாம். மாதாமாதம் போட வேண்டும். மாதாமாதம் படம் எடுக்க வேண்டும்.

"இன்னிக்கேவா?" என்றார் சம்பந்தி. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கேதான்" என்றாள் அக்கா, டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னால். "நான் கூட வர்றேன். நீங்க வரமாட்டேன்னு சொன்னா என் பொண்ணைக் கூப்பிடுவேன். அவ வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் லேசாகச் சிரித்தார். "வேணாம். ஊசியே தேவலை."

மாடியில் ஆயத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில் அக்கா அவரை இருட்டறையில் உட்கார வைத்து, மெஷினில் அவருக்கென்று ஒரு ஃபைல் திறந்தாள். டெஸ்டிலிருந்து முப்பத்தெட்டுப் படங்களையும் அதற்கு மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் மெஷின், இது இவருடைய கண்தானா என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று அழுத்தினாள். முப்பத்தெட்டுத் தடவை அழுத்தினாள். டெஸ்ட் ஃபைலில் கடைசியில் பொம்மைக் கண் மட்டும் மிஞ்சியது.

"சம்பந்தி" என்றார் அவர், இருட்டிலிருந்து. "வலது கண்ணுக்கும் ஒரு தடவை வச்சிருங்க."

"அதான் சொன்னேனே. அதால ஒண்ணும் ஆகாது."

"தெரியும். ஆகாதுன்னு தெரிஞ்சுதான் கேக்கறேன். இத்தனை நாள் எடுத்ததெல்லாம் யாருமே இல்லாம எடுத்தது."

அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவர் தாடையை வைத்தார். திரையில் கண் வந்தது. "கூட்டல் குறியைப் பாருங்கள்" என்றது மெஷின். கண் அலைந்தது. "கூட்டல் குறியைப் பாருங்கள்." அது இருக்கிற இடத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. இடமும் வலமும் தேடிவிட்டு மேலே போய் நின்றது.

"எங்க இருக்கு சம்பந்தி?"

அவளுக்கு வழக்கமாகச் சொல்கிற எதுவும் வாயில் வரவில்லை. மெஷினின் குரலை நிறுத்தினாள்.

"குறியைத் தேட வேண்டாம்" என்றாள். "நான் பேசிக்கிட்டே இருக்கேன். சத்தம் எங்கருந்து வருதோ அங்க பாருங்க."

"பேசுங்க."

அவள் பேசினாள். உங்கள் வீடு சின்னது என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பேசாமல் இருந்த மாதங்களுக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். சரியாயிடும் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். திரையில் அந்தக் கண் மெதுவாக இறங்கி, அவள் குரலைத் தொட்டு, அங்கேயே நின்றது.

படம் விழுந்தது. அவர் இமைக்கவில்லை.